ஒன்பது கம்லூக்கள்

கொத்தனார் சாய் கம்லூவின் குடும்பத்தில் உண்மையைச் சொல்லிவிட்டு ஊரைவிட்டுப் போன ஆள் கிடையாது. அவருடைய தாத்தாவின் தம்பி உப்பு வாங்கி வருகிறேன் என்று லாய்கா சந்தைக்குப் போனார். மலைக்கு அந்தப் பக்கம் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துப் பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் ஆள் இருக்கும் இடமே தெரிந்தது. உப்பு கடைசிவரை வரவில்லை. பெரியம்மா மகன் டார்ச்சுக்கு பேட்டரி வாங்கப் போனவன், இப்போது மலேசியாவில் கோழி வெட்டிக்கொண்டிருக்கிறான். சொந்தத் தம்பி சாய் லேங், காய்ச்சல் மாத்திரை வாங்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பினான். காய்ச்சல் யாருக்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கம்லூவே பதினெட்டு வயதில், ஓடிப்போன எருமையைத் தேடிவருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு பர்மா எல்லை தாண்டி, தாய்லாந்தில் சியாங் மாய் வந்து சேர்ந்தவர்தான். எருமை அன்று சாயங்காலமே தானாக வீடு திரும்பிவிட்டது.

இப்படிப்பட்ட வம்சத்தில் பிறந்தவருக்கு ஒரே ஒரு மகள். பெயர் நாங் மோஹோம். வயது இருபது. பல்கலைக்கழகத்துப் பக்கம் ஒரு காப்பிக் கடையில் வேலை. அவள் "கடைக்குப் போயிட்டு வர்றேன்" என்று செருப்பை மாட்டினாலே கம்லூ வாசலை மறித்து நிற்பார்.

"எந்தக் கடைக்கு? என்ன வாங்க?"

"ஷாம்பு."

"வீட்டுல இருக்கே."

"அது நீங்க தலைக்குப் போடற ஷாம்பு. அதைப் போட்டுத்தான் உங்களுக்கு முடி இந்த லட்சணத்துல இருக்கு."

அவள் திரும்பி வரும்வரை கம்லூ வாசலில் எதையாவது பழுது பார்ப்பதுபோல உட்கார்ந்திருப்பார். பழுதே இல்லாத ஒரு நாற்காலியை அவர் இப்படியே பழுது பார்த்து உடைத்தார். "பொண்ணு ஓடறதுக்கு முன்னாடி வீட்டுல சாமானெல்லாம் காலியாயிடும்" என்பாள் மனைவி நாங் லா.

கட்டட வேலைக்காரர்கள் தங்கும் அந்தத் தகரக் கொட்டகைகளில் கம்லூவுக்கு மரியாதை உண்டு. விகாரையில் நெட்டை முரசு அடிக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குத் தங்கள் ஷான் மொழி எழுத்துச் சொல்லிக்கொடுப்பவரும் அவரே. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியிலிருந்து யார் வந்தாலும் எழுந்து நின்று பேசுகிறவர். தொழிலாளர் அலுவலகத்து ஆள் வந்தாலும், போர்வை கொடுக்கும் சங்கத்தார் வந்தாலும் கம்லூ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நம்ம பிள்ளைங்க என்ன நினைக்கிறாங்கன்னா..." என்று ஆரம்பித்துவிடுவார். ஒரு பையனிடம் உன் பெயர் என்ன என்று கேட்டால், கம்லூ அவன் பெயரோடு அவன் அப்பன் பெயர், தாத்தா ஊர், பாட்டிக்கு முதல் புருஷன் எப்படிச் செத்தான் என்பதுவரை சொல்வார். ஒருமுறை ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து ஒரு சிறு பெண்ணிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். கம்லூ முந்திக்கொண்டு, "வயிறு, ரெண்டு நாளா" என்றார். அந்தப் பெண் வயிற்று மருந்தைக் குடித்துவிட்டுப் பல்வலியோடு வீட்டுக்குப் போனாள்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிகிற சமயத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து பத்சரா என்கிற அம்மாள் வந்தாள். பெரிய படிப்புப் படித்து அங்கே பாடம் சொல்கிறவர்களை அந்த ஊரில் ஆச்சான் என்பார்கள். குள்ளமாக, தோளில் துணிப்பையோடு, பார்க்க யாரோ காய்கறி வாங்க வந்தவள் மாதிரி இருந்தாள். விகாரையின் பின்கூடத்தில் இளவட்டங்களை வட்டமாக உட்காரவைத்தாள். மொத்தம் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். பத்தாவதாகக் கம்லூவும் உட்கார்ந்தார்.

"இதுக்கு முன்னாடி வந்தவங்க கேள்வியை எழுதி எடுத்துட்டு வந்திருப்பாங்க. நான் எதுவும் கொண்டுவரல. ஆராய்ச்சி பண்ணப்போறது நான் இல்ல, நீங்க. கேள்வி கேக்கறது நீங்க, படம் எடுக்கறது நீங்க, எதை வெளிய காட்டலாம் எதைக் காட்டக் கூடாதுன்னு ஓட்டுப் போட்டு முடிவு பண்றதும் நீங்கதான்" என்றாள் ஆச்சான்.

"எதைப் பத்தி ஆராய்ச்சி?" என்றான் சாய் மாவ். கம்லூவுக்குப் பக்கத்து அறைப் பையன். அவன் அப்பா சாய் தூன் முரசுக் குழுவில் தாளம் தட்டுகிறவர்.

"உங்களைப் பத்தி. இங்க வந்து வளர்ந்த பிள்ளைங்க தங்களை யாருன்னு நினைக்கிறாங்க? அவ்வளவுதான்."

"வேலை பூரா நாங்க பண்ணினா, ஆச்சான் என்ன பண்ணுவீங்க?"

"டீ போட்டுத் தர்றேன்."

பையன்கள் சிரித்தார்கள். ஆச்சான் மோஹோமின் பக்கம் திரும்பி, "நீ ஆரம்பிம்மா. எந்த இடத்துல இருக்கும்போது நீ நீயா இருக்கற மாதிரி தோணும்?" என்றாள்.

மோஹோம் வாயைத் திறப்பதற்குள் கம்லூ தொண்டையைச் செருமினார். "என் பொண்ணுக்கு விகாரைதான். சின்னதுலேர்ந்தே அப்படி. முரசுச் சத்தம் கேட்டா சோறு தண்ணி வேணாம்."

மோஹோம் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டாள். ஆச்சான் அடுத்த பையனைக் கேட்டாள். அதற்கும் கம்லூ பதில் சொன்னார். அதற்கடுத்த பெண்ணுக்கும் அவரே. சாய் மாவின் முறை வந்தபோது அவன், "என்னைப் பத்தியும் மாமாகிட்டயே கேட்டுக்குங்க, எனக்கே தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருக்கு" என்றான்.

டீ முடிந்ததும் ஆச்சான், கூடத்தில் யார் இருக்கலாம் என்பதையும் பிள்ளைகளே முடிவு செய்யட்டும் என்றாள். ஆச்சானைத் தவிர இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர் உள்ளே இருக்கக் கூடாது என்று ஓட்டு விழுந்தது. எதிர்த்து ஒரு கைகூட எழவில்லை. சொந்த மகளின் கைதான் முதலில் எழுந்தது என்பதைக் கம்லூ கவனித்தார்.

"மனசுக்கு எனக்கு இருபதுதான்" என்றார்.

"மனசை விட்டுட்டு நீங்க மட்டும் வெளிய போங்க மாமா" என்றான் சாய் மாவ்.

கம்லூ வெளியே வந்து ஜன்னலுக்குக் கீழே குந்தினார். உள்ளேயிருந்து யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். அந்தப் புழுக்கத்தில் வெந்தாலும் பரவாயில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் கூடினார்கள். ஒருவரையொருவர் பேட்டி எடுத்தார்கள், போனில் எதையெதையோ படம் பிடித்தார்கள். கம்லூ வீட்டில் மகளைத் துருவுவார்.

"உள்ள என்னதான் பண்றீங்க?"

"ஆராய்ச்சி."

"யாரை?"

"எங்களை."

"அதுக்கு அங்க போகணுமா? இருபது வருஷமா உன்னை நான் வீட்டுலயே ஆராய்ச்சி பண்றேன். ஒண்ணும் பிடிபடல."

"நீங்க கேள்வியும் கேட்டு பதிலும் நீங்களே சொல்லிடறீங்கப்பா. அப்புறம் எப்படிப் பிடிபடும்?"

நாங் லா அடுப்படியில் புளிக்கவைத்த சோயா வட்டுகளைச் சுட்டுக்கொண்டே சிரிப்பாள். கம்லூவுக்கு அது சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை. மகள் முன்னைவிட அதிகமாக யோசிக்கிறாள், யோசிக்கிற ஆட்கள்தான் உப்பு வாங்கப் போகிறார்கள் என்பது அவர் கணக்கு.

ஷான் புத்தாண்டுக்கு முந்தைய ஞாயிறு, பிள்ளைகள் எடுத்த படங்களை விகாரைக் கூடத்தில் மாட்டினார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே எடுத்தவர் சொன்ன நாலு வரி. கொட்டகைகளிலிருந்து எல்லாக் குடும்பமும் வந்தது. திறந்துவைத்துப் பேசும் வேலையைக் கம்லூவுக்கே கொடுத்திருந்தார்கள். அதில் ஏதோ சூது இருக்கிறது என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. வெள்ளைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, நம்ம பிள்ளைங்க என்ன நினைக்கிறாங்கன்னா என்று ஆரம்பித்து, அரிசி வேகிற நேரம் பேசிவிட்டு நாடாவை வெட்டினார். பெருமையோடு முதல் அட்டையின் முன்னால் போய் நின்றார்.

சிமென்ட் படிந்த ரோஸ் நிறச் செருப்பு ஒன்றின் படம். கீழே எழுதியிருந்தது:

'கட்டடத்துல முகத்தை மூடித் தொப்பி போட்டுக்கிட்டா எல்லாரும் என்னை டேய் தம்பின்னு கூப்பிடறாங்க. மூட்டை தூக்கச் சொல்றாங்க. முகத்துணியை எடுத்ததும் கூலி குறையுது. — சாய் கம்லூ, பெண், வயது 18.'

கம்லூ இரண்டு தரம் படித்தார். ஏதோ அச்சுப் பிழை என்று அடுத்த அட்டைக்குப் போனார். ஐஸ் உடைக்கும் இடத்தின் படம்.

'இந்த ஐஸ் கடைப் பையனைப் பாக்கறதுக்காகவே தேவையில்லாம ஐஸ் வாங்கறேன். வீட்டுல யாருக்கோ ஜுரம்னு நினைச்சுக்கிட்டிருக்கான். — சாய் கம்லூ, பெண், வயது 17.'

மூன்றாவது, விகாரை மேடையில் தலைப்பாகையோடு ஒருவர் பேசுகிற படம். எடுத்தது பின்னாலிருந்து. ஆனால் அந்த முதுகு யாருடையது என்பதில் கூடத்தில் யாருக்கும் சந்தேகம் வராது.

'இவர் பேசும்போது நான் கீழே உக்காந்து போன்ல ஒரு முழு ஃபுட்பால் மேட்ச் பாத்திருக்கேன். — சாய் கம்லூ, ஆண், வயது 19.'

அதற்குள் பின்னால் கூட்டம் கூடிவிட்டது. சாய் தூன் தன் பெரிய வயிறு குலுங்க, "அண்ணே, ஐஸ் கடைப் பையன் மேல கண்ணுன்னு எங்கிட்டகூடச் சொல்லலையே" என்றார்.

"நான் ஏன் சொல்லணும்?"

"அதானே. வயசுப் பொண்ணு, வெக்கம் இருக்கும்."

கம்லூ ஆச்சானைத் தேடிப் பிடித்தார். அவள் ஏற்கெனவே தூணுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தாள்.

"என்ன ஆச்சான் இது? எல்லாத்துலயும் என் பேர்."

"தப்பா நினைக்காதீங்க கம்லூ அண்ணே. யார் சொன்னதுன்னு வெளிய தெரியக் கூடாதுங்கறதுக்காக ஆளுக்கு ஒரு பொய்ப்பேர் எழுதித் தரச் சொன்னேன். ஒருத்தரையொருத்தர் பாக்காம எழுதச் சொன்னேன். ஒன்பது சீட்டையும் பிரிச்சா ஒன்பதுலயும் உங்க பேர்."

"நீங்க மாத்தச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். ஓட்டுக்கு விட்டாங்க. நான் தோத்துட்டேன்."

கம்லூ பிள்ளைகள் பக்கம் திரும்பினார். ஒன்பது பேரும் சுவரோரமாக, மழையில் நனைந்த கோழிகள்போல ஒட்டி நின்றார்கள். சிரிப்பை அடக்கியதில் சில தோள்கள் ஆடின.

"ஏண்டா, உங்களுக்கு வேற பேரே கிடைக்கலையா?"

"இத்தனை வருஷமா நீங்க எங்க பேர்ல பேசினீங்க மாமா. இந்த ஒரு தடவை நாங்க உங்க பேர்ல பேசிக்கிட்டோம்" என்றான் சாய் மாவ்.

கூடமே சிரித்தது. கம்லூவும் வேறு வழியில்லாமல் சிரித்துவைத்தார். திட்டினால் இன்னும் பத்து வருஷத்துக்கு ஐஸ் கடைக் கேலி தொடரும் என்று அவருக்குத் தெரியும். நிதானமாக நடப்பதுபோல மீதி அட்டைகளைப் பார்த்துக்கொண்டே போனவர், ஏழாவது அட்டை முன்னால் நின்றுவிட்டார்.

மூங்கில் கட்டிலுக்கடியில் ஒரு நீலப் பெட்டி. அதன் மேல் பழைய பாய் போர்த்தியிருந்தது.

'இதுல துணி, ஒரு ஜோடி நல்ல செருப்பு, அம்மா ஃபோட்டோ இருக்கு. புத்தாண்டு முடிஞ்சதும் புக்கெட் போயிடுவேன். கடலோரம் ஹோட்டல்ல வேலை. வீட்டுல சொல்லல. சொன்னா விடமாட்டாங்க. — சாய் கம்லூ.'

மற்ற அட்டைகளில் இருந்தது போல ஆண், பெண், வயது எதுவும் இதில் இல்லை.

படத்தில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். கட்டில் எல்லார் வீட்டிலும் இருக்கும் கட்டில். சுவர் அதே தகரம். தரையிலாவது ஒரு விரிசல், ஒரு மேடு பள்ளம் தெரிகிறதா என்று தேடினார். அந்தக் கொட்டகைகளின் தரையை வார்த்தவர் அவரேதான். எல்லா அறைக்கும் ஒரே கலவை, ஒரே பூச்சு. தன் வேலை இத்தனை ஒழுங்காக இருப்பதை நினைத்து வாழ்க்கையில் முதல்முறையாக வருத்தப்பட்டார்.

வீட்டுக் கட்டிலுக்கடியில் பெட்டி கிடையாது. ஆனால் அதில் என்ன ஆறுதல்? எருமை தேடப் போவதற்கு முந்தின நாள் அவர் துணி மூட்டையை ஒளித்தது பக்கத்து வீட்டு வைக்கோற்போரில்.

மோஹோமைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "அந்தப் பெட்டி உன்னோடதா?"

"எந்தப் பெட்டி?"

"தெரியாத மாதிரி கேக்காத. எந்தப் படம் உன்னோடது, சொல்லு."

"சொல்லக் கூடாதுப்பா. ஒருத்தரோட படத்தை இன்னொருத்தர் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு முடிவு. நான் இல்லைன்னு சொன்னா, மீதி எட்டுப் பேர்ல யாருன்னு தேடுவீங்க. அப்புறம் தான் இல்லைன்னு இன்னொருத்தர் சொல்வாங்க. கடைசில ஒருத்தர் மாட்டிக்குவாங்க."

"நான் உன் அப்பன்."

"அது எனக்கும் தெரியும். படம்தான் யாரோடதுன்னு சொல்ல மாட்டேன்."

ஆச்சானிடம் போனார். அவளும் கையைக் கூப்பிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டாள். அந்த நேரத்தில் வந்தவர்களுக்காக அவள் கூடத்தின் நடுவில் நின்று விதிகளைச் சொல்ல ஆரம்பித்தாள். "இது பிள்ளைங்களோட சொத்து. யாருக்காவது இப்பவோ நாளைக்கோ மனசு மாறினா, தன் படத்தைத் திரும்ப எடுத்துக்கலாம். காரணம் சொல்லவேண்டியதில்லை. யாரும் தடுக்க முடியாது."

கம்லூவின் காது அதில் நின்றது. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு கூடத்தின் நடுவுக்கு வந்தார்.

"ஆச்சான், ஒருத்தர் தன் படத்தை எடுத்துக்கிட்டா தடுக்கமாட்டீங்களே?"

"மாட்டேன் அண்ணே."

"சரி. அந்தப் பெட்டிப் படத்துல என்ன பேர் போட்டிருக்கு?"

ஆச்சான் ஏழாவது அட்டையைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சாய் கம்லூ. நான்தான் சாய் கம்லூ. வேணும்னா என் அடையாள அட்டையைக் காட்டறேன். எனக்கு மனசு மாறிடுச்சு. என் படத்தை நான் எடுத்துக்கறேன்."

சாய் தூன் கைதட்டினார். கம்லூவின் கணக்கு எளிது. படத்துக்கு உண்மையான சொந்தக்காரி இருந்தால், ஐயோ அது என்னுது என்று பாய்ந்து வருவாள். அந்த நொடியில் பிடித்துவிடலாம். அவர் அட்டையை நோக்கி மெதுவாக நடந்தார், ஓரக்கண் மகள்மேலேயே இருந்தது. யாரும் பாயவில்லை. மோஹோம் பக்கத்துப் பெண்ணின் காதில் ஏதோ சொன்னாள். ஒன்பது பேரும் தலைகளைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். கைகள் எழுந்து இறங்கின.

சாய் மாவ் முன்னால் வந்தான். "மாமா, ஓட்டுப் போட்டாச்சு. நீங்க எடுத்துக்கலாம்."

"எடுத்துக்கலாமா?"

"ஆனா ஒரு விதி இருக்கு. தன் படத்தைப் பத்தி வட்டத்துல உக்காந்து பேசணும். நாங்க எல்லாரும் பேசினோம். படம் உங்களுதுன்னா நீங்களும் பேசணும். நாங்க கேப்போம், நீங்க பதில் சொல்லணும். பெட்டி எடுத்து வச்ச ஆளாப் பேசணும். அப்பாவாப் பேசக் கூடாது."

"பேசறதுக்கா எனக்குப் பயம்?" என்றார் கம்லூ. அவருடைய ஆயுசில் அவரைப் பேசவிடாமல் செய்வதுதான் பாடு. பேசச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தியதில்லை. வட்டத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். பெரியவர்கள் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் கேட்டவள் ஒரு சின்னப் பெண். "ஏன் புக்கெட் போறீங்க?"

"கடல் பாக்கணும். இங்க மலையையே பாத்து அலுத்துப்போச்சு." கூட்டம் சிரித்தது. கம்லூவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"ஹோட்டல்ல என்ன வேலை?"

"மேனேஜர்."

"சிமென்ட் கலக்கத் தெரிஞ்சவரை மேனேஜர் ஆக்குவாங்களா?"

"சுவர் இடிஞ்சா யாரைக் கூப்பிடுவாங்க?"

சாய் மாவ் கேட்டான்: "ஏன் வீட்டுல சொல்லல?" அவன் குரல் மட்டும் விளையாட்டாக இல்லை. கம்லூ அவனைப் பார்க்கவில்லை. அவர் பார்வை மகளிடம்தான்.

"எழுதியிருக்கே. சொன்னா விடமாட்டாங்க."

"கேட்டுப் பாத்தீங்களா?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? நான் பொறந்ததுலேர்ந்து அப்பாவைப் பாக்கறேன். காலைல எழுந்தா வயல், சாயங்காலம் எருமை. இங்க என்ன குறைச்சல்னு கேப்பார். குறைச்சல் ஒண்ணும் இல்ல. அதை எப்படி அவருக்குச் சொல்றது? சோறு இருந்துச்சு. எனக்கு அங்க மூச்சு முட்டுச்சு, அவ்வளவுதான். பக்கத்து ஊர்ப் பையன் சியாங் மாய்ல வேலை செஞ்சு ரேடியோ வாங்கிட்டு வந்தான். அந்த ரேடியோவைக் கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கம் போச்சு."

சிரிப்பு நின்றுவிட்டதைக் கம்லூ கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார். புக்கெட்டில் ஆரம்பித்தவர் எப்போது வயலுக்குப் போனார் என்று அவருக்கே தெரியவில்லை.

"போனப்புறம் அவர்கிட்டப் பேசினீங்களா?" என்றாள் அந்தச் சின்னப் பெண்.

"அப்ப போன் ஏது? ஆள்மூலம் சொல்லி அனுப்பினேன். அது போய்ச் சேர்றதுக்குள்ள அவர் ரொம்ப நாள் தினமும் மலைப்பக்கம் போய் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கார். புலி அடிச்சிருக்கும்னு நினைச்சிருக்கார். போறதுக்கு அவர் கோவிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. இப்படித் தேட விட்டது தேவையில்லாதது. கோவிச்சிருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும்."

சாய் தூன்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

அப்போது மோஹோம் கேட்டாள்: "சாய் கம்லூ, இப்ப உங்களுக்கே ஒரு பிள்ளை இருக்கு, அது உங்ககிட்ட வந்து புக்கெட் போறேன்னு சொல்லுது. விடுவீங்களா?"

இதுதான் கண்ணி என்று கம்லூவுக்கு நன்றாகத் தெரிந்தது. தான் வைத்த கண்ணியில் தானே கால் வைத்திருப்பதும் தெரிந்தது. கொட்டகை மொத்தமும் அவர் வாயைப் பார்த்தது.

"அப்பாவாப் பேசக் கூடாதுன்னு விதி இருக்கே" என்றார்.

"ஓட்டுப் போட்டு மாத்தறோம்" என்றான் சாய் மாவ் உடனே. ஒன்பது கைகள் எழுந்தன.

கம்லூ தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "சத்தம் போடுவேன்" என்றார். "ரெண்டு நாள் சாப்பிடமாட்டேன். எதையாவது உடைப்பேன். அதெல்லாம் நடக்கும், இப்பவே சொல்லிடறேன். அப்புறம், அந்த நீலப் பெட்டி நாலு நாள் தாங்காது, பூட்டைப் பாத்தாலே தெரியுது. நல்ல பெட்டியா நானே வாங்கிக் குடுத்து பஸ் ஏத்தி விடுவேன். ஆனா சொல்லணும். சொல்லாமப் போனா மட்டும் நான் மலைப்பக்கம் போய்க் கூப்பிட்டுக்கிட்டு நிக்கமாட்டேன், புக்கெட்டுக்கே வந்து ஹோட்டல் வாசல்ல முரசு அடிப்பேன்."

இந்தமுறை சிரித்தது ஆச்சான்தான் முதலில். அட்டையைக் கழற்றி இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள். கம்லூ அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மகளின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது மோஹோம் பின்னால் அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டது. கம்லூ வழிநெடுக ஒரே யோசனை. புத்தாண்டுக்கு இன்னும் சில நாள்தான். அவள் போய்விட்டால் வீட்டில் நாங் லாவும் சோயா வட்டும் மட்டும்தான். வாக்குக் கொடுத்தாயிற்று. கொட்டகை முழுக்கச் சாட்சி. பேசாமல் வாயை மூடிக்கொண்டு நாடாவை வெட்டிவிட்டு வந்திருக்கலாம்.

வீட்டு வாசலில் அவர்களுக்கு முன்பே சாய் மாவ் வந்து நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் நாங் லா, கையில் கரண்டியோடு, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். செய்தி எப்படியோ அவளுக்கும் வந்துவிட்டது.

"மாமா, பெட்டி எப்ப வாங்கப் போகலாம்?" என்றான் சாய் மாவ்.

"எந்தப் பெட்டி?"

"நீங்க வாங்கித் தர்றேன்னு சொன்ன பெட்டி. என்னோடது பூட்டு நிஜமாவே சரியில்ல."

கம்லூ வண்டியை நிறுத்தக் காலை ஊன்ற மறந்தார். வண்டி சாய, நாங் லா ஓடிவந்து பிடித்தாள். அவர் சாய் மாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி சாய் மாவைப் பார்த்தார்.

"உன்னோடதா? உன்னோடதாடா அது?"

"எங்க அப்பா பின்னாடி நின்னு கைதட்டிட்டிருந்தார். எனக்குப் பேதியே வந்திருச்சு மாமா."

கம்லூ சிரித்தார். அன்று காலையிலிருந்து அவர் சிரித்ததிலேயே அதுதான் உண்மையான சிரிப்பு. வண்டியில் இருந்தபடியே சாய் மாவை இழுத்துக் கட்டிப்பிடித்து முதுகில் அறைந்தார். நாளைக்கே சந்தைக்குப் போகலாம், சக்கரம் வைத்த பெட்டியாக வாங்கலாம் என்றார். உன் அப்பனிடம் நானே பேசுகிறேன் என்றும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் சாய் தூனின் கோபம் எப்படிப்பட்டது என்பது நினைவுக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

"அப்பா" என்றாள் மோஹோம். அவள் இன்னும் வண்டியைவிட்டு இறங்கவில்லை.

"என்னம்மா?"

"ரெண்டு பெட்டியா எடுத்தா விலை குறைப்பாங்க."

நாங் லா கரண்டியை மகளை நோக்கி ஓங்கினாள். கம்லூவின் சிரிப்பு பாதியில் நின்றது. தொண்டையைச் செருமினார். வழக்கமாக இந்த இடத்தில் அவர் ஒரு நீளமான பதில் சொல்லுவார். மோஹோமும் அதற்காகவே முகத்தைத் தயாராக வைத்திருந்தாள்.

"எந்த ஊருக்கு?" என்றார். "எப்ப?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். மூடியே வைத்திருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது தாடையில் தெரிந்தது.

மோஹோம் அவர் நிஜமாகவே பதிலுக்குக் காத்திருக்கிறாரா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னும் தெரியல. போகவேண்டியிருக்குமான்னே தெரியல. முடிவு பண்ணினா முதல்ல உங்ககிட்டதான் வருவேன்" என்றாள். "இல்லேன்னா பெட்டி யாரு வாங்கித் தருவாங்க?"

கம்லூ தலையை ஆட்டிவிட்டு, வண்டியை நிறுத்தி, பெட்டிப் படத்தைச் சாய் மாவிடம் கொடுத்து, பக்கத்துக் கதவைத் தட்டப் போனார். உள்ளே சாய் தூன் இன்னும் ஐஸ் கடைப் பையனைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.